காட்டனாக்கா?

அவளை நான் முதலில் பார்த்தது சியோலில், நாங்கள் இரண்டு பேரும் தங்கப்போகிற அறையின் வாசலில். பெட்டியை இறக்கி வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். கதவின் இரும்பு நிலையில் உள்ளங்கையைப் பதித்து ஒரு மூச்சு நேரம் நின்றாள். அப்புறம் உள்ளே வந்தவள், யார் எவர் என்று கேட்பதற்கு முன்பே, என் தலையில் கிடந்த ஷாலின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக் கசக்கிப் பார்த்தாள்.

"காட்டனாக்கா?"

"ஆமா. ஏன்?"

"அப்பச் சரி," என்று சிரித்தாள். "நான் சிவகாசி பக்கம், நாரணாபுரம். நீங்க விருதுநகர்னு சொன்னாக. நம்ம பக்கத்து ஆளு கூட இருக்காகன்னதும் எங்கம்மாவுக்கு அம்புட்டு சந்தோசம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முன்பின் தெரியாதவள் தலைத்துணியில் கை வைத்தால் யாருக்குத்தான் வராது? ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு திட்ட முடியவில்லை. இன்றைக்கு அவள் என்னோடு பேச்சில் இல்லை, சண்டை எதுவும் இல்லை, நம்பரையும் மாற்றிவிட்டாள். கேட்காமல் அவள் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. நாரணாபுரத்துக்காரி என்றே சொல்கிறேன். அங்கேயும் நான் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். விருதுநகரில் அத்தாவுக்குப் பருப்பு மண்டி. நான் கொரியா சீரியல் பார்த்துக் கெட்டுப்போனவள். இது அம்மாவின் தீர்ப்பு, நான் மறுத்ததில்லை. அந்த ஊர்ப் பெண்கள் போடுகிற கோட்டையும் பாவாடையையும் பார்த்துப் பார்த்து, துணி வடிவமைப்புப் படிக்கிறேன் என்று அத்தாவை அரித்தெடுத்து விமானம் ஏறினேன். நாரணாபுரத்துக்காரி கெமிஸ்ட்ரி மேல்படிப்புக்கு உதவித்தொகை வாங்கி வந்தவள். நான் வந்தது அத்தாவின் பணத்தில், அவள் வந்தது சொந்த மூளையில்.

நான் தேடிப்போன ஊர் அங்கே இருக்கத்தான் செய்தது. ரயிலில் காலேஜ் பெண்கள் நெற்றி முடியில் பிளாஸ்டிக் ரோலரைச் சுருட்டி மாட்டிக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் நின்றார்கள். இறங்கும் ஸ்டேஷன் வந்ததும் ரோலரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்கள். பார்க்க வேண்டியவன் பார்க்கும்போது முடி சரியாக இருந்தால் போதும், நடுவில் இருக்கிற ஜனமெல்லாம் கணக்கில்லை. காதலர்கள் ஒரே நிறத்தில் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு அலைந்தார்கள். அறுபது தாண்டிய பெண்கள் முடியைச் சுருள் சுருளாகச் சுருட்டி, பூப்போட்ட கால்சட்டை மாட்டி, முகத்தை மறைக்கிற தொப்பியோடு மலையேறினார்கள். குப்பை கொட்டப் போகிறவள்கூட உதட்டில் லேசாகச் சாயம் தடவிக்கொண்டு போனாள். குளிர்காலம் வந்ததும் அத்தனை பேரும் கணுக்கால் வரைக்கும் தொங்கும் கறுப்புக் கோட்டுக்குள் நுழைந்துகொண்டார்கள். உள்ளே பஞ்சு மெத்தையைத் தைத்த மாதிரி இருக்கும் அந்தக் கோட்டுக்கு நான் மெத்தைக் கோட்டு என்று பேர் வைத்தேன். காலையில் பஸ் ஸ்டாப்பில் வரிசையாக நிற்பவர்களைப் பார்த்தால் நம் ஊர்க் கரண்டுக் கம்பியில் காக்கா உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அவள் பார்த்த ஊர் வேறு. ஒரு சட்டை அழகாக இருக்கிறதா, எடுப்பாக இருக்கிறதா என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. துணிக்கடைக்குக் கூட்டிப்போனால் ஒவ்வொன்றின் நுனியையும் கசக்குவாள், "நைலான்க்கா," "இதுவும் நைலான்க்கா" என்று அடுத்ததற்குப் போய்விடுவாள். ரயிலில் நெருக்கித் தள்ளும்போது பக்கத்தில் நிற்பவரின் கோட்டைக்கூட அவர் அறியாமல் தொட்டுப் பார்த்துவிடுவாள். ஒருநாள் ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, தன் பர்ஸ் பத்திரமாக இருக்கிறதா என்று தடவிக்கொண்டார். மேஜையில் பையை வைத்துவிட்டுப் போனால் எடுக்க ஆளில்லாத ஊரில் நம்மைத் திருடிகள் ஆக்கிவிட்டாயே என்று நான் அவளை அன்று முழுக்க வறுத்தெடுத்தேன்.

அவளுக்கு அந்த ஊரில் ரொம்பப் பிடித்தது, வீட்டுக்குள் செருப்போடு யாரும் நுழையாததுதான்.

"எல்லாரும் மருந்து ரூம் பழக்கம் வச்சிருக்காகக்கா," என்றாள். "செருப்பு வெளிய. சத்தம் கிடையாது. ஒரு ஆளு ஓட மாட்டேங்குறாக. எங்கம்மா இங்கன வந்தா ஒரே நாள்ல பழகிரும்."

அவள் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிறவர். அப்பா இவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். லீவு நாளில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய், கம்பெனி கேட்டுக்குள் வளர்ந்தவள் இவள். மருந்து அறைக்குள் நுழைகிறவர்கள் காலில் செருப்பு இருக்கக் கூடாது, கொலுசு கூடாது, தலையில் ஹேர்பின் கூடாது, மேலில் காட்டன் தவிர வேறு துணி கூடாது. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் கரண்டு ஏதாவது தங்கியிருந்தால் இறங்கட்டும் என்று அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாது. இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி வளர்ந்தும், தீபாவளிக்கு அத்தா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பட்டாசுப் பெட்டியைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. சியோலுக்குப் போய்த்தான் சிவகாசியைத் தெரிந்துகொண்டேன்.

அவள் கதவு நிலையைத் தொடுவதை அந்த ஊர்க்காரர்கள் ஏதோ சாமி சமாச்சாரம் என்று நினைத்தார்கள். வகுப்பில், நூலகத்தில், ஹோட்டலில், எங்கே நுழைந்தாலும் தொடுவாள். எங்கள் வீட்டுக்காரப் பாட்டி ஒருநாள் பயபக்தியோடு, உங்கள் ஊர்க் கடவுள் கதவில் இருக்கிறாரா என்று கேட்டார். நான் சிரித்தேன். அவள் சிரிக்காமல், "ஆமான்னு சொல்லிருங்கக்கா," என்றாள்.

முதல் வாரமே தரையோடு அவளுக்குச் சண்டை. அங்கே வீட்டுத் தரைக்கு அடியில் சுடுதண்ணீர்க் குழாய் ஓடும், குளிருக்குத் தரையே கதகதவென்று இருக்கும். நான் பூனை மாதிரி சுருண்டு படுத்துக்கொண்டேன். இவள் ஒரு அடி வைத்தாள், அடுத்த நொடி கட்டில் மேல் நின்றாள்.

"அக்கா, தர சுடுது. எந்திரிங்க. எந்திரிங்கங்கேன்ல!"

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றியது. அப்புறமும் அவள் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் உட்கார ஒரு மாதம் பிடித்தது. சூடு எங்கே இருந்தாலும் அதற்கு ஒரு காரணம் வேண்டும் அவளுக்கு.

அந்த முதல் குளிர்காலத்தில்தான் அது நடந்தது. காற்றில் ஈரமே இல்லாமல் தோலெல்லாம் வெடித்துக் கிடந்த நேரம். சாயங்காலம், திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கைப் போடாமல் நான் ஸ்வெட்டரைத் தலை வழியாகக் கழற்றினேன். படபடவென்று சத்தம். நீலமாய்ப் பொறி பறந்தது. வறண்ட குளிரில் கம்பளித் துணிக்கு அது வழக்கம், அந்த ஊரில் குழந்தைகள்கூட அதைப் பார்த்துச் சிரிக்கும். ஸ்வெட்டர் இன்னும் என் முகத்தில் மாட்டியிருந்தது. யாரோ அதைப் பிடுங்கி வீசுவது தெரிந்தது. அடுத்து என் தலையில் ஒரு ஜக்குத் தண்ணீர். அடுத்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, செருப்பில்லாமல், மாடிப்படியில் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். நனைந்த பனியனோடு, தலையில் துணி இல்லாமல், பனி கொட்டுகிற தெருவில் போய் நின்ற பிறகுதான் எனக்குக் கத்துவதற்கு வாய் வந்தது.

"ஏ புள்ள, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு?"

அவள் எங்கள் ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெடிக்கும் என்று காத்திருந்தாள். வெடிக்கவில்லை என்று தெரிந்ததும் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாட்டி எங்கள் இரண்டு பேரையும் உள்ளே இழுத்துப் போய்ப் போர்வை போர்த்தினார். சோறு சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அந்த ஊரில் நலம் விசாரிப்பதே அப்படித்தான். அதைக் கேட்டதும் நாரணாபுரத்துக்காரி உடைந்து அழுதாள்.

"எங்கம்மாவும் இப்பிடித்தான்க்கா கேக்கும்," என்றாள். அப்புறம் போர்வைக்குள் இருந்தே சொன்னாள்: "எங்க சித்தி ஒரு நாளு வேலைக்கு நைலான் சேல கட்டிட்டுப் போயிருச்சு. அன்னைக்கு வெள்ளிக்கிழம. அரை நாள்ல கெளம்பி அப்பிடியே இருக்கன்குடி கோயிலுக்குப் போகணும்னு. மேல சட்டையப் போட்டு மறைச்சுக்கிருச்சு, யாரும் பாக்கல. சின்னத் தீதான்க்கா. காட்டன் கட்டுன பொம்பளைக எல்லாம் தப்பிச்சுட்டாக. சித்திக்கு மட்டும் சேல உருகி மேலோட ஒட்டிக்கிருச்சு. ஆஸ்பத்திரியில சேலைய எடுக்கும்போது தோலும் கூடவே வந்துச்சுக்கா. நான் பக்கத்துல இருந்தேன். ஒட்டிக்கிருச்சு, ஒட்டிக்கிருச்சுன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

அதற்குப் பிறகு நான் அவளை ஷால் நுனிக்காகவோ கதவு நிலைக்காகவோ கிண்டல் செய்ததில்லை. செய்தேன், கொஞ்சமாகச் செய்தேன். அவளுக்கும் அது வேண்டியிருந்தது. மறுநாள் பாட்டி, துணியில் பொறி பறக்காமல் இருக்க அடிக்கிற ஸ்ப்ரே டப்பா ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். இவள் அதைச் சாமி தீர்த்தம் மாதிரி வைத்துக்கொண்டு, என் ஸ்வெட்டர், கோட்டு, காலுறை, தலையணை உறை எல்லாவற்றுக்கும் தினமும் தெளித்தாள். குளிர்காலம் முழுக்க எங்கள் அறையில் செயற்கை மல்லிகை வாசம்.

எங்கள் காலேஜில் படித்த அந்த ஊர்ப் பெண் ஒருத்தி அறைக்கு வருவாள். கண்ணுக்குக் கீழே மினுமினுக்கிற பொடியைத் தடவிக்கொள்வது அங்கே அப்போது நடப்பு, அழுது முடித்த கண் மாதிரி பளபளக்கும். ஒருநாள் அவள் இருக்கும்போது நாரணாபுரத்திலிருந்து வீடியோவில் அம்மா வந்தார். வேலை விட்டு வந்த கையோடு வந்திருந்தார். சேலைக்கு மேல் பழைய ஆம்பளைச் சட்டை. இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளி நிறம், கன்னத்தில், மூக்கு நுனியில், காது மடலில் வெள்ளி. அலுமினியப் பொடி. அந்தப் பெண் வாயைப் பிளந்து, இது என்ன மேக்கப், எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

அவள் கேட்டதை மகள் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கெடைக்கும்னு சொல்லு. எங்க கம்பெனிக்கு வந்தா சம்பளமும் குடுத்துப் பூசியும் விடுவாகன்னு சொல்லு!"

இவளும் சிரித்தாள். ஆனால் அந்தப் பெண் போன பிறகு, அவள் கண்ணுக்கடியிலிருந்து பொடி உதிர்ந்த மேஜையை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தாள். அம்மா அன்றைக்கும் போனை வைப்பதற்கு முன்னால் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "இந்த சீசன் மட்டும் போய்க்கிறேன். தீபாவளி முடிஞ்சதும் நின்னுக்கிறேன்."

"போன வருசமும் இதேதான சொன்ன?"

"போன வருசம் நீ கொரியாவுல இல்லையே. இப்ப நீ ஆளாகிட்ட. நின்னுக்கிறேன் பாரேன்."

அவளுடைய ஆசை அந்த ஒன்றுதான். படிப்பு, பட்டம், வேலை எல்லாம் அம்மாவை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவருவதற்காக. அம்மா வேலையை விட்டதும் குளிர்காலத்துக்கு இங்கே கூட்டிவந்து பனியைக் காட்ட வேண்டும். பொறிக்குப் பயப்படாத ஒரு ஊரில் அம்மா கொஞ்ச நாள் நடக்க வேண்டும். என்னிடம் சொல்லும்போதெல்லாம் குரல் தணிந்துவிடும், பலமாகச் சொன்னால் நடக்காமல் போய்விடும் என்கிற மாதிரி.

கோடை விடுமுறைக்கு நான் மட்டும் ஊருக்கு வந்தேன். அவள் ஆய்வுக்கூட வேலையில் மாட்டிக்கொண்டாள். அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு மூட்டை கொடுத்துவிட்டாள். அதில் காட்டன் காலுறை, காட்டன் துண்டு, பாட்டி சிபாரிசு செய்த அந்த ஸ்ப்ரே மூன்று டப்பா. விமான நிலையத்தில் அந்த டப்பாக்களைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொன்னபோது என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

நாரணாபுரத்தில் அந்த வீடு, தெருவின் கடைசியில் இரண்டு அறை. நான் போனபோது அம்மா கதவைத் திறந்து, என்னை உள்ளே கூப்பிடுவதற்குள் என் ஷால் நுனியைக் கசக்கிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மகளுக்கு எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

"சாப்டீகளா தாயி? எப்பிடி இருக்கு எம்புள்ள? தலைக்கு எண்ணெ வைக்குதா? அங்கன பொம்பளைக எப்பிடி உடுத்துறாக?"

நான் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். ரோலர் மாட்டிய பெண்கள், ஜோடிச் சட்டைகள், அரண்மனை வாசலில் வாடகைக்கு எடுத்துப் போடுகிற பழங்காலத்துப் பட்டு உடுப்பு. அரண்மனைப் படத்தில் நான் புடைத்த பாவாடையோடு ராணி மாதிரி நிற்பேன், நாரணாபுரத்துக்காரி தன் பழைய காட்டன் சுடிதாரோடு பக்கத்தில் நிற்பாள். அவளுக்கு அங்கே ஒரு பாவாடைகூடக் கசக்கலில் தேறவில்லை. அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கி, மகளைப் பார்க்காமல் என் பாவாடையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"மினுமினுன்னு இருக்கே தாயி," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒண்ணே ஒண்ணு இந்த மாதிரி உடுத்தணும்னு கொள்ள ஆச. கல்யாணத்துக்குக் கட்டுன சேலையத் தங்கச்சி செத்த அன்னைக்கு எடுத்து அடுப்புல போட்டேன். அதோட சரி. எம்புள்ளகிட்டச் சொல்லிராதீக, சத்தம் போடும்."

நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்கிற ஆளா நான்? அவள் சத்தம் போடவில்லை. "அம்மாவுக்கு அப்பிடி ஒரு ஆச இருக்குன்னே எனக்குத் தெரியாதுக்கா," என்றாள்.

அந்த வருடம் இலை பழுக்கத் தொடங்கியதும் கடைகளில் புது மெத்தைக் கோட்டுகள் வந்தன. அம்மாவுக்குக் கோட்டு வாங்க வேண்டும் என்று கிளம்பினோம். அளவுக்கு நான். நான் அவள் அம்மா அளவுக்கு இருக்கிறேன் என்பதை அவள் எப்படிச் சொன்னாள் என்று கேட்காதீர்கள், இன்னும் ஆறவில்லை. கடை கடையாக ஏறினோம். எல்லாமே நைலான். அந்தக் குளிருக்குக் காட்டன் கோட்டு ஆகாது, யாரும் செய்வதுமில்லை. ஒவ்வொரு கடையிலும் கசக்கினாள், தலையாட்டினாள், வெளியே வந்தாள். கடைசியில் ஒரு கடையில், கறுப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு கத்தரிப்பூ நிறக் கோட்டு தொங்கியது. விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கியது.

அவள் அதன் முன்னால் நின்றாள். நான் எடுத்துப் போட்டுக் காட்டினேன்.

"இதுவும் நைலான்தான்," என்றாள், தொடாமலே.

"ஏ, இந்த ஊருல எங்கன இருக்கு மருந்து? அம்மா இங்க வந்து எதுக்குள்ள நுழையப்போறாக? பஸ்ஸுக்குள்ள, ரயிலுக்குள்ள, பாட்டி வீட்டுக்குள்ள. கொஞ்ச நாளாவது அவுக மினுமினுன்னு திரியட்டும் புள்ள."

அவள் யோசித்தாள். கோட்டின் நுனியைப் பிடித்தாள், கசக்கவில்லை, தடவினாள். நான் அவளைப் பார்த்த காலத்தில் ஒரு துணியை வெறுமனே அழகுக்காக அவள் தொட்டது அன்றைக்குத்தான். வாங்கினோம். அறையில் ஆணியில் மாட்டி வைத்தாள். வெளியே போகும்போதெல்லாம் அதன் கையைப் பிடித்து லேசாக ஆட்டிவிட்டுப் போவாள். வீடியோவில் காட்டியபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "யாரு போட்டுக்கிட்டு நடக்குறது இத? சிரிப்பாக!" என்று வெட்கப்பட்டார். தினமும் அதைக் காட்டச் சொல்லிக் கேட்டார்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கையில், மத்தியானம், நாங்கள் அறையில் இருக்கும்போது அவளுக்குப் போன் வந்தது. அவளுடைய தாய்மாமா. கம்பெனியில் நாலு அறை தரைமட்டமாகிவிட்டது என்றார். அம்மா என்று கேட்டாள். அவர் அழுதது எனக்கே கேட்டது.

ஊருக்கு வருகிற வழியெல்லாம் அவள் அழவில்லை. கோட்டை ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். மதுரையில் அத்தா காரோடு நின்றார். அத்தா அவளிடம், "வாம்மா," என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். கள்ளிக்குடி தாண்டும்போது அவள் என் பக்கம் திரும்பி, "அம்மா அன்னைக்கு என்ன சேல கட்டியிருந்துச்சுன்னு மாமாகிட்டக் கேட்டேன். தெரியலங்குறாக," என்றாள். அதையே விருதுநகரிலும் ஒரு தடவை சொன்னாள். சிவகாசிக்குள் நுழையும்போதும் சொன்னாள்.

வீட்டுக்கு முன்னால் பந்தல். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். முழுக்க வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது, முகம் இல்லை. முகத்தைப் பார்க்கக் கேட்காதே என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவள் கேட்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் போனாள். அவர் அதே கம்பெனியில் வேறு வரிசையில் வேலை பார்த்துத் தப்பியவர், காதில் பஞ்சு வைத்திருந்தார்.

"அம்மா என்ன சேல கட்டியிருந்துச்சு அத்தை?"

"காட்டன்தான் தாயி," என்று அந்த அம்மா அழுதார். "நீ எடுத்துக் குடுத்த பச்சச் சேல. மேல சட்ட. தகட்டத் தொட்டுட்டுத்தான் உள்ள போனா, நான் பாத்தேன். கொண்டையில ஒரு ஊசி கிடையாது. அவ மேல ஒரு தப்பும் இல்லடா கண்ணு. பக்கத்து ரூம்ல பிடிச்சு வந்துருச்சு. சீசன்ல்ல, ஒரு ரூமுக்குள்ள அம்புட்டு ஆளு, அம்புட்டு மருந்து."

அவள் தலையை ஆட்டினாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்த அம்மா. அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தப்பு ஒன்று இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள்.

சொந்தக்காரர்கள் கோடித் துணி போட்டார்கள். ஒவ்வொருவராகப் புதுச் சேலையை விரித்துவிட்டு நகர்ந்தார்கள். கடைசியில் அவள் பையைத் திறந்து கோட்டை எடுத்தாள். உதறி, அம்மாவின் மேல் கழுத்திலிருந்து கால்வரை விரித்தாள். வெயில் பட்டுக் கத்தரிப்பூ நிறம் மினுங்கியது. பெண்கள் பெருங்குரலெடுத்து அழுதார்கள். நானும் அழுதேன். அம்மாவின் ஆசை எனக்கும் தெரியுமே.

நேரமாகிவிட்டது என்று ஆண்கள் தூக்குவதற்குக் குனிந்தார்கள்.

"இருங்க மாமா," என்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மண்டியிட்டாள். கோட்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக் கசக்கினாள். பிறகு அதை மெதுவாக உருவினாள்.

"கிடக்கட்டும்மா," என்றார் மாமா. "ஆசையா வாங்குனது. அவ போட்டுக்கிட்டுப் போகட்டும்."

"வேண்டாம் மாமா. தீ பட்டா ஒட்டிக்கிரும்."

அங்கே இருந்த எல்லாருக்கும் அது என்ன என்று தெரியும். அவள் கோடிச் சேலைகளையும் ஒவ்வொன்றாகக் கசக்கிப் பார்த்தாள். இரண்டை எடுத்து ஓரமாக வைத்தாள். அவற்றைக் கொண்டுவந்தவர்கள் முகம் கோணவில்லை, ஒருத்தி தானே வந்து மடித்து வாங்கிக்கொண்டாள். அப்புறம் அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். என் ஷால் நுனியைப் பிடித்தாள்.

"காட்டனாக்கா?"

"ஆமாம்மா."

நான் அதைத் தலையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அத்தா பார்த்தார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். காதில் பஞ்சு வைத்திருந்த அம்மா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டுவிட்டார். அவள் என் ஷாலை அம்மாவின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் செருகி, கால்மாட்டில் இழுத்துச் சரிசெய்தாள். குளிருக்குப் பிள்ளையைப் போர்த்துகிற மாதிரி செய்தாள்.

தூக்கினார்கள். தெருமுனை திரும்பும் வரைக்கும் நின்று பார்த்தாள். கோட்டு அவள் கையில் கிடந்தது. பந்தல் காலியானதும் என்னிடம் வந்து, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"அது ஒட்டாதுல்லக்கா?"

"ஒட்டாது," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். நிலையில் உள்ளங்கையை வைத்தாள். அதை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.